போனில் திறக்காத தளம்: ஸ்ரீராமபுரம் ஞாயிறு வகுப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் ஒரு தையல் கடைக்கு மேலே உள்ள மாடி அறை. வாரநாட்களில் அது படிப்பகம். ஞாயிறு காலை 10 மணிமுதல் 1 மணிவரை நாங்கள் அதை இரவல் வாங்கி, 12 வாரத்துக்கு வலைத்தள வடிவமைப்பு வகுப்பு நடத்தினோம். கட்டணம் இல்லை. சொல்லிக்கொடுத்தது இரண்டு பேர். நான் ஒரு கம்பெனியில் வலைப்பக்கங்கள் செய்கிறவன். இன்னொருவர் அச்சகத்தில் பல வருடம் டிடிபி (கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும் வேலை) பார்த்துவிட்டு வலைக்கு வந்தவர். மாணவர்கள் அவரை அக்கா என்பார்கள், நானும் அப்படித்தான்.

சேர்ந்தவர்கள் 14 பேர், வயது 17 முதல் 24 வரை. ஆட்டோ ஓட்டுபவர், பூ விற்பவர், தையல் தைப்பவர் வீட்டுப் பிள்ளைகள். கல்லூரியில் படிப்பவர்களும் உண்டு, பியூசியோடு (தமிழ்நாட்டின் பிளஸ் டூ மாதிரி) நிறுத்தியவர்களும் உண்டு. இருந்த லேப்டாப் ஆறு. எல்லாம் கம்பெனிகள் கழித்துக்கட்டியவை, 4 ஜிபி ராம். குரோமில் நாலு டேப் திறந்தால் விசிறி கத்த ஆரம்பித்துவிடும். ஆனால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஆண்ட்ராய்டு போன் இருந்தது. இதை நான் முதல் நாளே கவனித்திருக்க வேண்டும்.

கவனிக்காமல் விட்ட இன்னொன்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. தமிழ்ப் பிள்ளைகள்தானே என்று ராத்திரி உட்கார்ந்து 20 பக்கத்துக்குத் தமிழில் குறிப்பு எழுதி, 14 நகல் எடுத்துப் போயிருந்தேன். கொடுத்ததும் ஒரு பையன் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல என்னண்ணா எழுதியிருக்கு?" என்றான். வீட்டில் பேசுவது தமிழ், தெருவில் கன்னடம், பள்ளிக்கூடம் கன்னட மீடியம் அல்லது இங்கிலீஷ் மீடியம். 14 பேரில் தமிழைச் சரளமாகப் படிக்க முடிந்தவர்கள் ஐந்து பேர். நான் மதுரைப் பக்கம் படித்துவிட்டு வேலைக்காக இங்கே வந்தவன், எனக்கு இது உறைக்கவே இல்லை. அப்புறம் விளக்கம் தமிழ்ப் பேச்சிலும், கலைச்சொற்கள் பலகையில் ஆங்கிலத்திலுமாக ஓடியது. நான் தமிழில் சொன்னதைப் பாதிப் பேர் கன்னட எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். அந்த நோட்டுகளை என்னால் படிக்க முடியாது, அவர்களுக்கு அது போதும்.

முதல் நான்கு வாரம்

இதற்கு முந்தைய குழுவில் நேரடியாக எச்டிஎம்எல் (பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று எழுதும் மொழி) குறிச்சொற்களில் ஆரம்பித்து, மூன்றாம் வாரத்துக்குள் பாதிப் பேரை இழந்திருந்தோம். வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு எழுத்து வருவதைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரும் எழுந்து வரமாட்டார்கள். ஆகவே இந்த முறை, இழுத்துப் போட்டுப் பக்கம் கட்டும் இலவசக் கருவி ஒன்றில் தொடங்கலாம் என்று முடிவு செய்தோம். முதலில் பலனைக் காட்டிவிட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பிறகு சொல்லலாம் என்று எண்ணம்.

இரண்டாவது ஞாயிறே எல்லாரிடமும் ஒரு பக்கம் இருந்தது. நகரும் படங்கள், மெல்ல மெல்லத் தோன்றும் எழுத்துகள், ஊதாவும் ஆரஞ்சும் கலந்த பின்னணி. லேப்டாப் திரையில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நானும் பாராட்டினேன். அந்தப் பாராட்டில் ஒரு பங்கு எனக்கே நான் கொடுத்துக்கொண்டது.

கருவியில் தொடங்குவது தப்பு என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நானே டிரீம்வீவர் என்ற வலைப்பக்கம் செய்யும் மென்பொருளில் பழகியவன். அது 1997இல் வந்தது. என்னைப் போலப் பலர் அதில் அட்டவணைக்குள் அட்டவணை போட்டுத்தான் தொழில் படித்தோம். ஆனால் அப்போது திரை என்றால் மேசைமேல் இருக்கும் திரைதான், அளவில் பெரிய வித்தியாசம் இருக்காது. அதில் சரியாக இருந்தால் பெரும்பாலும் எங்கும் சரி.

நான்காம் வாரம் ஒரு நிஜ வேலை வந்தது. ஒரு மாணவனின் பெரியம்மா ஓக்லிபுரம் பக்கம் வீட்டிலிருந்தே இட்லி மாவு, முறுக்கு, அதிரசம் விற்கிறார், சின்ன விசேஷங்களுக்குச் சமைத்தும் கொடுக்கிறார். விலைப்பட்டியலும் ஆர்டர் செய்ய ஒரு பட்டனும் இருந்தால் போதும் என்றார். மூன்று பேரிடம் ஒப்படைத்தோம். ஒரே வாரத்தில் முடித்துவிட்டார்கள்.

பெரியம்மாவின் போனில்

ஐந்தாம் ஞாயிறு அவரை வகுப்புக்கே அழைத்தோம். லேப்டாப்பில் காட்டினார்கள். "நல்லா இருக்குப்பா" என்றார். பிறகு, தன் அக்காவுக்கு அனுப்பவேண்டும் என்று சொல்லி, தன் போனை எடுத்து அந்த இணைப்பைத் திறந்தார். மொபைல் டேட்டா. வெள்ளைத் திரை. சற்று நேரம் பார்த்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று நினைத்துப் பின்னால் போய்விட்டார். "இன்னும் கொஞ்சம் வெயிட் பண்ணுங்க பெரியம்மா" என்றான் பையன். மறுபடி திறந்தார். மேலே பாதி முறுக்கு தெரிந்தது. கீழே விலைப்பட்டியல், எறும்பு வரிசை மாதிரி. இரண்டு விரலால் பெரிதாக்கினார், எழுத்து கலங்கியது. ஆர்டர் பட்டன் திரையின் வலது விளிம்புக்கு வெளியே இருந்தது. பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளினால்தான் வரும், அவர் தள்ளவில்லை. எதற்குத் தள்ள வேண்டும்?

"இதுக்கு நான் வாட்ஸ்அப்லயே போட்டோ அனுப்பிடுவேனேப்பா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

கவனித்தவை

அவர் போனபின் எல்லாருமாக உட்கார்ந்து பார்த்தோம். காரணங்கள் எளியவை. படங்கள் ஆறும் போன் கேமராவில் எடுத்தவை, ஒவ்வொன்றும் நாலு எம்பிக்கு மேல். எதையும் சுருக்காமல் அப்படியே ஏற்றியிருந்தார்கள், பக்கம் மொத்தம் 26 எம்பி. விலைப்பட்டியல் எழுத்தாக இல்லை, கேன்வா என்ற வடிவமைப்புத் தளத்தில் செய்த 1920 பிக்சல் (திரைப் புள்ளி) அகலப் படமாக இருந்தது. பெரியம்மாவின் போன் திரை 360 பிக்சல் அகலக் கணக்கு. படம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கும்போது, 28 பிக்சலில் எழுதிய 'அதிரசம்' 5 பிக்சல் உயரத்துக்கு வந்துவிடும். பட்டனை, இடப்பக்கத்திலிருந்து 900 பிக்சல் தள்ளி ஆணியடித்த மாதிரி வைத்திருந்தார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் அப்புறம்தான் தெரிந்தது. "சரி, சரிசெய்யுங்கள்" என்றேன். பையன் அரைமணி நேரம் கருவியின் பலகைகளைத் திறந்து மூடிவிட்டு, "அதுக்கு இதுல ஆப்ஷன் இல்லண்ணா" என்றான். ஆப்ஷன் இருந்தது. மேலே ஒரு சின்ன போன் படம், அதை அழுத்தினால் போதும். ஆனால் அவன் தேடியது 'சின்னதாக்கு' என்ற பட்டனை. அகலம் என்பது ஒரு எண், அந்த எண் பிக்சலிலும் இருக்கலாம் சதவீதத்திலும் இருக்கலாம் என்பது தெரியாதவனுக்கு, எதைத் தேடுவது என்பதே தெரியாது.

அன்றைக்கு ஒரு கேள்வியும் வந்தது. கன்னட மீடியத்தில் படித்த பெண், அதுவரை அதிகம் பேசாதவள், "பேப்பர்காரங்க பக்கம் மட்டும் நம்ம போன்ல எப்படிண்ணா கரெக்டா வருது? அவங்க தனியா போனுக்குன்னு ஒண்ணு செய்றாங்களா?" என்று கேட்டாள். ஐந்து வாரத்தில் வந்த கேள்விகளில் அதுதான் முதல் நல்ல கேள்வி. அதைக் கேட்க வைக்கும்படி நான் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

எடுத்த முடிவும் காரணமும்

வகுப்பு முடிந்து டீக்கடையில் நானும் அக்காவும் பேசினோம். அக்கா சொன்னது: கருவியை விடவேண்டாம், அடுத்த வாரம் அந்த போன் காட்சியைச் சொல்லிக்கொடுப்போம், பிள்ளைகளுக்கு இப்போதுதான் ஒரு நம்பிக்கை வந்திருக்கிறது. நான் சொன்னது: கருவியை மூடுவோம், நோட்பேடில் கையாலேயே குறியீடு எழுத வைப்போம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அந்த ஒரு பட்டனைக் காட்டினால் இந்தத் தளம் சரியாகிவிடும், அடுத்த தளத்தில் வேறு ஒன்று முட்டும் என்பது என் வாதம். முந்தைய குழுவுக்கு ஆனதே இவர்களுக்கும் ஆகும் என்பது அவர் வாதம்.

கடைசியில் மூன்று வாரம் கருவி இல்லாமல் என்று ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. முதல் வாரம் யாரும் எதையும் எழுதக்கூடாது, அடுத்தவர் பக்கத்தைப் பிரித்துப் பார்ப்பது மட்டும்தான். இந்த யோசனை அவருடையது, பலன் கொடுத்ததும் இதுதான்.

விலையும் கொடுத்தோம். அடுத்த இரண்டு ஞாயிறுக்குள் நாலு பேர் நின்றுவிட்டார்கள். ஒருவன் நேராகவே சொன்னான்: "இன்டர்வியூல வேர்ட்பிரஸ் தெரியுமா, ஃபிக்மா தெரியுமான்னுதாண்ணா கேக்குறாங்க. நோட்பேட் தெரியுமான்னு யாரும் கேக்கல." வேர்ட்பிரஸ் தளம் கட்டும் மென்பொருள், ஃபிக்மா வடிவம் வரையும் மென்பொருள். அவன் சொன்னதில் தப்பில்லை. என்னிடம் அதற்கு நல்ல பதிலும் இல்லை.

நோட்பேட் வாரங்கள்

குரோமில் எந்தப் பக்கத்திலும் வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்டைத் திறந்தால், பக்கத்தின் எச்டிஎம்எல் ஒருபக்கம், நிறம், அளவு, இடம் சொல்லும் சிஎஸ்எஸ் விதிகள் இன்னொருபக்கம் தெரியும். எந்த எண்ணையும் மாற்றலாம், மாற்றியது உடனே திரையில் தெரியும். பக்கத்தை மறுபடி ஏற்றினால் பழையபடி ஆகிவிடும். யாருக்கும் நஷ்டமில்லை, எனவே பயமும் இல்லை. ஒரு செய்தித் தளத்தின் தலைப்பைத் தன் பெயராக மாற்றி ஸ்கிரீன்ஷாட் எடுப்பதில் ஆரம்பித்தார்கள். முக்கால் மணி நேரத்தில் ஒருவன் ஒரு வங்கிப் பக்கத்தில் எல்லாப் பெட்டிகளையும் இடப்பக்கம் குவித்துவிட்டிருந்தான். அதே கருவிப் பலகையில் போன் அளவுக்குத் திரையைச் சுருக்கிப் பார்க்கவும் வழி உண்டு. சுருக்கச் சுருக்க மூன்று பத்தியாக இருந்தது ஒரு பத்தியாக மாறுவதை அந்தப் பெண் முன்னும் பின்னும் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே பக்கம்தான், தனியாக ஒன்று இல்லை என்று அவளே சொன்னாள்.

இந்த முறைக்கு 2010இல் ஈத்தன் மார்காட் என்ற வலை வடிவமைப்பாளர் பெயர் வைத்தார்: ரெஸ்பான்ஸிவ். அகலத்தைச் சதவீதத்தில் வைப்பது, படத்தை அதன் பெட்டிக்குள் அடங்கவைப்பது, திரையின் அளவு பார்த்து விதியை மாற்றுவது என்று மூன்றே விஷயங்கள். இதை முதல் வாரத்தில் சொல்லியிருந்தால் யார் காதிலும் ஏறியிருக்காது. பெரியம்மாவின் போனைப் பார்த்தபின் சொன்னதால் ஏறியது.

பெட்டிக் கணக்கை அக்கா ஒரு கூரியர் பார்சலை வைத்து விளக்கினார். உள்ளே சேலை, அதைச் சுற்றி மெத்தென்ற காகிதம், அதற்கு வெளியே அட்டை, வண்டியில் இந்த அட்டைக்கும் அடுத்த அட்டைக்கும் நடுவே விட்ட இடம். காகிதம் பேடிங், அட்டை பார்டர், வெளி இடைவெளி மார்ஜின். நான் பலகையில் நாலு சதுரம் வரைந்து இருபது நிமிடம் பேசியதை அவர் இரண்டு நிமிடத்தில் முடித்தார்.

அடுத்த இரண்டு வாரமும் பெரியம்மாவின் பக்கத்தையே வெறும் கையால் எழுதினார்கள். போனில் திறந்தால் எல்லாம் பொடியாக வந்தது. வியூபோர்ட் என்ற ஒற்றை வரியை விட்டிருந்தார்கள். அது இல்லாவிட்டால் போன் தன்னை 980 பிக்சல் அகலத் திரை என்று நினைத்துக்கொண்டு, முழுப்பக்கத்தையும் அப்படியே சுருக்கிக் காட்டும். அந்த வரியைச் சேர்த்ததும் அறையில் ஒரு சத்தம் எழுந்தது.

அப்புறம் படங்கள் காணாமல் போயின. லேப்டாப்பில் வருகிறது, பக்கத்தை இலவசமாக இணையத்தில் வைக்க உதவும் கிட்ஹப் பேஜஸில் ஏற்றினால் வரவில்லை. எனக்குக் காரணம் தெரியும், சொல்லவில்லை. 40 நிமிடம் ஆனது. கோப்பின் பெயர் பெரிய எழுத்தில், குறியீட்டில் சின்ன எழுத்தில். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், அந்தச் சர்வர் எடுத்துக்கொள்ளாது. கண்டுபிடித்தவன், கருவியில் ஆப்ஷன் இல்லை என்று சொன்ன அதே பையன்.

பாமினி விவகாரம்

இதை நாங்கள் பாடத்திட்டத்திலேயே வைத்திருக்கவில்லை. விலைப்பட்டியலை எழுத்தாகப் போடவேண்டும் என்றதும், பெரியம்மா தன் பழைய நோட்டீஸின் கோப்பை அச்சகத்தில் கேட்டு வாங்கித் தந்தார். அதிலிருந்து நகலெடுத்துப் பக்கத்தில் ஒட்டினால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் "தமிழ் இப்படித்தான் இருக்குமோ" என்று என்னைப் பார்த்தார்கள்.

அக்காவுக்கு இது பழகிய இடம். நோட்டீஸ் பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினியும் அதுபோன்ற பழைய எழுத்துருக்களும் தமிழுக்கென்று தனி எண் வைத்துக்கொள்வதில்லை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருக்கும். பாமினியில் 'அ' உட்கார்ந்திருப்பது ஆங்கிலச் சிறிய 'எம்' இருக்கும் இடத்தில். அந்த எழுத்துரு உள்ள கணினியில் தமிழாகத் தெரியும், இல்லாத இடத்தில் 'எம்' வெளியே வந்துவிடும். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடில் தமிழுக்குத் தனி இடமே உண்டு, 1991இன் முதல் பதிப்பிலிருந்தே. ஆனால் அச்சுத் தொழிலில் பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மாற்றிக்கொடுக்கும் நிரல்கள் உண்டு, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பமுடியாது. பாமினியில் 'கெ' என்று அடிக்கும்போது கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி கொம்பு முதலில், ககரம் பிறகு. யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு பிறகு. இந்த நோட்டீஸின் தலைப்பு வேறொரு எழுத்துருவில் இருந்ததால், பட்டியல் சரியாக மாறியது, தலைப்பு மட்டும் உளறலாக வந்தது. தமிழ் படிக்கத் தெரிந்த ஐந்து பேரில் மிச்சமிருந்த மூவரும் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார்கள்.

அடுத்து எழுத்துரு. பக்கம் முழுவதற்கும் பாப்பின்ஸ் வைத்திருந்தார்கள். அதில் தமிழ் எழுத்தே கிடையாது. போன் தன்னிடம் உள்ள வேறு எழுத்துருவை எடுத்துப் போட்டுக்கொள்ளும், நீங்கள் தடிமன் மாற்றினால் ஆங்கிலம் ஒரு மாதிரியும் தமிழ் ஒரு மாதிரியும் நடந்துகொள்ளும். முக்த மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் மூன்றையும் வைத்துப் பார்த்து முக்த மலரை எடுத்தார்கள். வரி உயரம் 1.4 என்று இருந்ததில், மேல்வரியின் 'கூ'வும் கீழ்வரியின் 'கி'யும் இடித்துக்கொண்டன. 1.7 ஆக்கியதும் மூச்சுவிட்டது. கன்னட விலைப்பட்டியலை அந்தப் பெண்ணே தட்டச்சு செய்தாள். பெரியம்மாவிடம் வாங்குபவர்களில் கன்னடம் படிப்பவர்கள்தான் அதிகம். இது எங்களுக்கு எட்டாம் வாரத்தில்தான் தெரியும், ஏனென்றால் அதுவரை நாங்கள் கேட்கவில்லை.

தளம் ஏறிய பிறகு

ஒன்பதாம் வாரம் பக்கம் ஏறியது. 26 எம்பியாக இருந்தது 900 கேபிக்கும் கீழே. விலைப்பட்டியல் எழுத்தாக. ஆர்டர் பட்டன் திரையின் அடியில் நிலையாக, தொட்டால் வாட்ஸ்அப் திறக்கும். பெரியம்மா அதே போனில் திறந்தார், கீழே வரை போனார், பட்டனைத் தொட்டார், "ம்" என்றார்.

பத்தாம் வாரம் உளுந்து விலை ஏறி, மாவு விலையை மாற்றவேண்டும் என்று பையனுக்கு போன் செய்தார். அவன் மாற்றினான். நாலு நாள் கழித்து மறுபடி. ஒவ்வொரு முறையும் ஒரு எண்ணை மாற்ற அவன் லேப்டாப் இரவல் வாங்கவேண்டும். நான் விரும்பிக் கையால் எழுதவைத்த பக்கம், அதை வைத்திருக்கவேண்டியவருக்கு உதவவில்லை. பதினோராம், பன்னிரண்டாம் வாரங்களில் பக்கத்தைப் பழைய கருவிக்கே கொண்டுபோனோம். இந்த முறை கருவி சொன்ன இடத்தில் அவர்கள் நிற்கவில்லை, அவர்கள் சொன்ன இடத்தில் கருவி நின்றது. விலையை பெரியம்மா தன் போனிலிருந்தே மாற்றுகிறார்.

திரும்பப் போனதில் ஒரு சிக்கல். கருவியின் கணக்கு, நின்றுவிட்ட நாலு பேரில் ஒருவனுடைய மின்னஞ்சலில் இருந்தது. அவன் சிம் மாற்றியிருந்தான், ஓடிபி பழைய எண்ணுக்குப் போனது. பழைய கணக்கைத் திறக்க முடியாமல், பெரியம்மா பெயரில் புதிதாகத் தொடங்கி எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினோம். அந்தப் பையன்மேல் தப்பில்லை. யாருடைய பெயரில் கணக்கு என்று முதல் நாள் கேட்காதது நான்.

14 பேரில் முடித்தவர்கள் ஒன்பது பேர். நாலு பேர் நின்றதைச் சொன்னேன், ஒருவர் பரீட்சைக்காகப் போனார். இருவருக்கு வேலை கிடைத்தது. ஒருவர் அச்சகத்தில், அக்காவின் பழைய தொழில். இன்னொருவர் ஒரு சிறு கம்பெனியில் பொருட்களின் படமும் விலையும் ஏற்றும் வேலையில். கன்னட மீடியப் பெண் டிகிரி படித்துக்கொண்டே இரண்டு கடைகளுக்குப் பக்கம் செய்து கொடுத்திருக்கிறாள். பெரியம்மாவுக்கு ஆர்டர் கூடியதா என்று கேட்டேன். "ஆர்டர் அதேதான் தம்பி. ரேட் கேட்டு வர்ற போன் குறைஞ்சிருக்கு" என்றார்.

அடுத்த முறை மாற்றுவது

சேர்க்கைத் தாளில் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: எந்த எழுத்தைப் படிப்பீர்கள்? முதல் வகுப்பின் முதல் ஒரு மணி நேரம் லேப்டாப் திறப்பதில்லை, அவரவர் போனில் மூன்று பக்கங்களைத் திறந்து, எது எரிச்சலூட்டுகிறது என்று சொல்லவேண்டும். இன்ஸ்பெக்ட் முதல் வாரத்துக்கே வருகிறது. கருவியும் இருக்கும், ஆனால் பிறகு. வேலை கொடுப்பவரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் வடிவமைப்புக்கு முன்பே: யார் வாங்குகிறார்கள், என்ன மொழி படிக்கிறார்கள், எவ்வளவு நாளைக்கு ஒருமுறை விலை மாறும், கணக்கு யார் பெயரில். நின்றுபோன பையன் சொன்னதற்காக ஃபிக்மாவுக்கும் வேர்ட்பிரஸுக்கும் கடைசியில் இரண்டு வாரம் ஒதுக்கியிருக்கிறோம். அவனையும் கூப்பிட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்றான்.

நோட்பேடுக்கு எத்தனை வாரம் என்பதில் மட்டும் இன்னும் ஒத்துவரவில்லை. அக்கா ஒன்று போதும் என்கிறார், நான் இரண்டு என்கிறேன்.